ஒஸ்லோவில் ஆண்டவரின் யோசனை

ஸ்தவாங்கரிலிருந்து ஒஸ்லோவுக்கு ரயிலில் எட்டு மணி நேரம். ஏரி, பனி, மலை என்று எழுத ஆசைதான். நான் பார்த்ததோ ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த என் கழுத்தை. வலப்பக்கம் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. ஒஸ்லோவில் பரிசோதனைக்கு உடனே இடம் கிடைத்ததால் கிளம்பிவிட்டேன்.

மாலையில் ஒஸ்லோவின் புறநகரான அம்மருட். அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் நண்பனின் அக்கா ரெஜினா வீட்டில் தங்கல். இலங்கை மன்னார்க்காரர். இடியப்பமும் சொதியும் வைத்தார்.

"என்ன தம்பி, கோழி மாதிரிக் கொத்துறீர்? வடிவாய்ச் சாப்பிடும்."

விழுங்கும்போதெல்லாம் கட்டி அசைவதுபோல் இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணி. வெளியே இன்னும் இருட்டு. அக்காவும் துணைக்கு வந்தார். மெட்ரோ சுரங்கத்துக்குள் நுழைந்ததும் கண்ணாடியில் மறுபடி அதே கழுத்து. நான் கட்டியைத் தடவிக்கொண்டே இருப்பதை அக்கா பார்த்துவிட்டார்.

"யோசிக்காதையும் தம்பி. ஆண்டவர் எந்த நேரமும் உம்மைப் பற்றி யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறார்."

தூக்கிவாரிப் போட்டது. எங்கள் திருச்சியில் ஒருவர் யோசிக்கிறார் என்றால் இன்னும் முடிவுக்கு வரவில்லை என்று அர்த்தம். வாடகைக்கு வீடு கேட்டால் யோசிப்பார்கள். பெண் கேட்டால் யோசிப்பார்கள்.

"இன்னும் யோசிச்சுக்கிட்டா இருக்காரு? என்னை வச்சுக்கலாமா வேண்டாமான்னா?"

அக்கா சிரித்த சிரிப்பில் எதிரே இருந்தவர் தலை நிமிர்ந்தார்.

"ஐயோ, உங்கடை இந்தியத் தமிழ்! நாங்கள் யோசிக்கிறது எண்டு சொல்றது கவலைப்படுறதை. என்ரை மகள் வடக்குக் கோடியிலை, ஹம்மர்பெஸ்டிலை வேலை. சாப்பிட்டாளோ, ஐசிலை வழுக்கி விழுந்தாளோ எண்டு யோசிப்பன். அவள் என்னை நினைக்காத நாளிலையும் யோசிப்பன். ஆண்டவர் என்னிலும் குறைஞ்சவரோ?"

கடவுள் நம்மை நினைக்கிறார் என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். கவலைப்படுகிறார் என்று யாரும் சொன்னதில்லை. எல்லாம் தெரிந்தவருக்கு என்ன கவலை என்று வாதாட வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். இந்தக் கட்டியை எனக்கு முன்பே பார்த்து ஒருவர் பதறியிருக்கிறார் என்பது அந்தச் சுரங்கத்தில் எனக்கு வேண்டியிருந்தது.

மருத்துவமனையில் கழுத்தில் ஊசி குத்தித் திசு மாதிரி எடுத்தார்கள். "ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். முடிவு அடுத்த வாரம்," என்றார் மருத்துவர். பயம் போகவில்லை, என்னோடு ரயிலேறியது.

ஒஸ்லோவைத் தாண்டியதும் திருச்சிக்கு அழைத்தேன். கவலைப்படுவாளே என்று அம்மாவிடம் இதுவரை சொல்லியிருக்கவில்லை.

"அம்மா, கழுத்துல ஒரு கட்டி. டெஸ்ட் எடுத்திருக்காங்க."

 "எந்தப் பக்கம்டா? வலிக்குதா? துணைக்கு யாரு வந்தா?"

பதில் சொல்வதற்குள் ரயில் மலைக்குள் புகுந்தது, இணைப்பு அறுந்தது. வெளிச்சம் வந்ததும் அவளே அழைத்தாள். அடுத்த குகையில் மறுபடி அறுந்தது. மறுபடி அவளே. இந்தப் பாதையில் குகைகள் ஏராளம். ஒரு தடவைகூட நான் அழைக்க வேண்டியிருக்கவில்லை.