எடை போடுகிற நாள்

அவளுடைய சொந்தப் பெயர் அந்த வரிசை வீடுகளில் யாருக்கும் தெரியாது. தராசக்கா என்றால் கைக்குழந்தைகூடத் திரும்பிப் பார்க்கும். உணவுக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் பதினேழு வருடமாகத் தற்காலிக ஊழியர். அந்தத் தற்காலிகத்துக்கே தலை நரைத்துவிட்டது. காலையில் ஒரு வீட்டுக்குள் போனால் சாயங்காலம் வரை அடுப்படியில் குந்தியிருந்து, பானைக்குப் போகிற அரிசியையும் பருப்பையும் எடை போடுவாள். தட்டில் மிஞ்சியதையும் விடமாட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதிய படிவங்கள். பதினேழு வருடத்தில் ஓர் எண்ணைக்கூட அவள் அடித்துத் திருத்தியதில்லை. அதுதான் அவளுடைய சொத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தடவை வேலை கொஞ்சம் வேறு மாதிரி. நூல் ஆலை மூடி எட்டு மாதமாகியிருந்தது. ஆலை ஓடிக்கொண்டிருந்தபோது எடை போட்ட அதே நாற்பது வீடுகளில் மறுபடியும் போட வேண்டும். சாப்பாடு குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் அந்த வீடுகளுக்கு மாதாமாதம் உதவி அரிசி, இல்லையென்றால் இல்லை. எதற்காகப் போடுகிறோம் என்று வீட்டாரிடம் மூச்சுவிடக் கூடாது, அது விதி. சொன்னால் பானையின் அளவு மாறிவிடுமாம். ஆனால் வீடு பூட்டிக் கிடக்காமல் இருக்க, வருகிற நாளை மட்டும் இரண்டு நாள் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். இந்த விதியை எழுதிய புண்ணியவான் ஒரு நாளாவது விருந்தாளியாகப் போயிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

முப்பத்தொன்றாவது வீட்டில்தான் விஷயம் உடைந்தது. அந்த வீட்டுக்காரி ஆலையில் நூல் சுற்றியவள். கறாரான பெண், சிரிப்பைக்கூட அளந்துதான் சிரிப்பாள். அன்றைக்குப் பருப்பு, காய், ஆளுக்கொரு முட்டை என்று தட்டு நிறைந்திருந்தது. ஏழு வயது மகள் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு, எடை எழுதிக்கொண்டிருந்தவளின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“தராசக்கா, நாளைக்கும் வாங்களேன். நீங்க வந்தாத்தான் ரெண்டு வேளையும் சோறு.”

தாய் மகளை ஒரு பார்வை பார்த்தாள். குழந்தை தட்டோடு உள்ளே போய்விட்டது. தராசக்கா எழுதுவதை நிறுத்தினாள். முப்பது வீட்டு அடுப்படியும் கண் முன்னால் வந்து நின்றது. எல்லா வீட்டிலும் தட்டு நிறைந்துதான் இருந்தது. ஒரு வீட்டில் பக்கத்து வீட்டுப் பாத்திரம். இன்னொன்றில் முந்தின நாளே வாங்கி ஒளித்து வைத்த எண்ணெய். தன் முகத்துக்காக முப்பத்தொரு வீடும் கடன் வாங்கிச் சமைத்திருக்கிறது. அது இத்தனை நாள் தன் கண்ணில் படவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்க்கிறவர் அவளைவிடச் சின்னவர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். போன வருடக் கணக்கோடு ஒப்பிடுகிற சோதனை எப்படி என்றால், மாற்றம் எதுவும் இல்லை என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்களாம். தற்செயலாக வந்திருக்க முடியாத அளவுக்கு வித்தியாசம் தெரிந்தால்தான் அந்த எண்ணத்தைக் கைவிடுவார்களாம்.

“நீங்க பாத்தது கணக்குல வராதுக்கா, எடை போட்டதுதான் வரும். அன்னைக்குச் சமைச்சது வழக்கமான சாப்பாடு இல்லைன்னு வீட்டுக்காரங்க கையெழுத்துப் போட்டுத் தரட்டும். எல்லாத்தையும் ஒதுக்கிட்டுச் சொல்லாமப் போய் எடுக்கலாம்.”

மறுநாளே அவள் நூல் சுற்றியவளிடம் போனாள். அவள் கையெழுத்துப் போட்டால் மற்றவர்களும் போடுவார்கள் என்று நம்பிக்கை. அந்தப் பெண் காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“வந்தவங்க முன்னாடி நாலு பருக்கை கூடப் போட்டா அதுக்கு எழுதிக் குடுக்கணுமா? எங்க வீட்டுல பட்டினின்னு நான் கையெழுத்துப் போடணுமாக்கா?”

எதற்கென்று சொல்லிவிட்டால் போதும். சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் பதினேழு வருட ஒழுங்கு விடவில்லை. கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

மீதி ஒன்பது வீட்டிலும் அதே விருந்துதான். போன வருடம் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சராசரி நானூற்றுப் பன்னிரண்டு கிராம் தானியம். இந்த வருடம் நானூற்று ஒன்று. பதினோரு கிராம் தற்செயலாகவே வரலாம் என்றது சோதனை. குறைந்ததாக நிரூபிக்க முடியவில்லை, அவ்வளவுதான், குறையவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை என்று புள்ளிவிவரக்காரர் அறிக்கையில் எழுதியும் வைத்தார். மேலே போனபோது அந்த வரியை யாரோ வெட்டிவிட்டார்கள். ஆலை வாசலில் ஒட்டிய காகிதத்தில், நாற்பது வீடுகளின் உணவை எடை போட்டுச் சோதித்ததில் மாற்றம் இல்லை, ஆகவே உதவி அரிசி தேவையில்லை என்று இரண்டே வரி.

அந்த வாரம் அவள் தராசு இல்லாமல் நூல் சுற்றியவள் வீட்டுக்குப் போனாள். ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியாது. திட்டு வாங்கினால் மனம் ஆறும் என்று நினைத்திருக்கலாம். அடுப்பு ஆறிக் கிடந்தது. குழந்தை பாயில் சுருண்டிருந்தது. வீட்டுக்காரி சத்தம் போடவில்லை. உட்காருங்கள் என்றாள், தண்ணீர் கொடுத்தாள், எதிரில் உட்கார்ந்தாள்.

“இதுக்குத்தான்னு அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. நான் அடுப்பே பத்த வெச்சிருக்க மாட்டேனே.”

தராசக்காவிடம் அதற்குப் பதில் இருந்தது. அதற்காகத்தான் சொல்லக் கூடாது என்று விதி. அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவளால் முடியவில்லை.