ஃபார்மலின் என்று சொன்ன டாக்டர்

சிறுநீரக அறுவை டாக்டர்களைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பழக்குகிற இடம் எங்களுடையது. மில்வாக்கியில் இந்த ஆய்வுக்கூடத்துக்கு இருபத்தோரு வருஷத்தில் பதினோரு பேர் வந்து போயிருக்கிறார்கள். இங்கே உதவியாளராக இருந்து, அவர்கள் உடைத்த கண்ணாடியையெல்லாம் பெருக்கியவள் நான். கார்வின் ஹூசிங்கா மட்டும் எதையும் உடைக்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

வடக்கே ஒரு மணி நேரத் தூரத்து ஷெபாய்கன்காரர். முப்பத்து நாலு வயது. நாலு நாள் ஆராய்ச்சி, வெள்ளிக்கிழமை மட்டும் அறுவை. கூடப் படித்தவர்கள் ஏரிக்கரையில் வீடு வாங்கிவிட்டார்கள். "என்ன எலி டாக்டரே, இன்னிக்கு எந்த எலிக்கு ஆபரேஷன்?" என்று அவர்கள் கிண்டல் செய்வார்கள். எங்கள் பக்கத்து விஞ்ஞானிகளோ, "கத்தி பிடிக்கிறவருக்கு இதெல்லாம் எதுக்கு?" என்பார்கள். ரெண்டு கூட்டத்திலும் சேராத மனுஷன். மத்தியானம் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து சாண்ட்விச் தின்பார். நான் ஒரு நாளாவது கூப்பிட்டிருக்கலாம். இப்போது நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

இரண்டு வருஷம் முடிவதற்குள், அரிதான ஒரு வகைச் சிறுநீர்ப்பைக் கட்டியை உயிரோடு ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்துக் காட்ட வேண்டும். வளர்ந்தால் ஆராய்ச்சிப் பதவி, இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பதினாறு மாதம் காத்திருந்த பிறகு அந்த வகைக் கட்டியோடு எமில் ராட்கே வந்தார். தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகுட்டி இல்லை. சம்மதப் படிவத்தை நான்தான் நீட்டினேன்.

"ஏம்மா, அது உங்க தட்டுல எத்தனை நாள் உயிரோட இருக்கும்?"

"நல்லா வளர்ந்தா வருஷக்கணக்கா இருக்கும்."

"அப்ப எனக்கப்புறம் என்னோடதுன்னு ஏதோ ஒண்ணு இருக்கும்னு சொல்லு" என்று கையெழுத்துப் போட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை, அறுவை அறை வாசலில் ஐஸ் பெட்டியோடு நின்றேன். செல்களை உயிரோடு வைக்கிற இளஞ்சிவப்புத் திரவம் அதற்குள் இருந்தது. உள்ளே கட்டியை முழுசாக எடுத்தாயிற்று. புதிதாக வந்த நர்ஸ், "எதுல போடட்டும் டாக்டர்?" என்று கேட்டிருக்கிறாள். ஆறு வருஷமாக ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லிப் பழகிய வாய். "ஃபார்மலின்" என்றிருக்கிறார். நோய் என்னவென்று பார்க்க அனுப்பும்போது அதுதான் சரி. ஆனால் அதில் விழுந்த செல் பிழைக்காது.

வெளியே வந்தவர் என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"கட்டி எங்க டாக்டர்?"

"முழுசையும் ஃபார்மலின்ல போடச் சொல்லிட்டேன், ஆர்டிஸ்."

"உங்க வாய்க்கு ஒரு பூட்டு போட்டிருக்கணும்" என்றேன்.

ராட்கேயிடம் அவரே போய்ச் சொன்னார். கிழவர், "கவலைப்படாதீங்க டாக்டர். இது திரும்பி வர்ற சாதின்னு நீங்கதானே சொன்னீங்க? வந்தா உங்களுக்குத்தான்" என்றாராம்.

மூன்று மாதம் கழித்து ராட்கேக்கு, குழாய் விட்டு உள்ளே பார்க்கிற பரிசோதனை. அன்றும் நான் ஐஸ் பெட்டியைத் தயாராக வைத்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வைத்திருந்தேன். கார்வின் வரவில்லை. தேடிப் போனால் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார், சாண்ட்விச்சைப் பிரிக்காமல். முதல் தடவையாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன ஆச்சு?"

"சுத்தமா இருக்கு. ஒண்ணுமே இல்ல. அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு மன்னிப்பு கேட்டார்."

"எதுக்கு?"

"திரும்பி வரலையேன்னு."

"குழாயை விடறதுக்கு முன்னாடி, இருக்கணும்னு நானும்தான் நினைச்சேன், ஆர்டிஸ். அதை அவர்கிட்ட சொல்ல முடியல" என்றார்.

நானும் அதைத்தானே நினைத்தேன்.

இரண்டு வருஷக் கெடு முடிந்து, அந்தக் கோடையில் அவர் ஷெபாய்கனுக்கே போய்விட்டார். இப்போது ஐந்து நாளும் அறுவைதான். ராட்கே பேருந்து பிடித்து அவரிடமே பரிசோதனைக்குப் போகிறார். ஒவ்வொரு தடவையும் கார்வின் எனக்குப் போன் பண்ணி, "சுத்தமா இருக்கு" என்கிறார். அதைச் சொல்ல அவருக்கு வேறு ஆள் இல்லை.