இரண்டு சங்கங்களுக்கும் ஒரே மஹதி மாமி

ஞாயிறு பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் ஒரு கூட்டம். அதே நேரம் கார் நிறுத்துமிடத்தில் இன்னொன்று. மஹதி மாமி மேலே கால் மணி நேரம் குறிப்பெடுத்துவிட்டு, முட்டியைப் பிடித்தபடி நான்கு மாடி இறங்குகிறார். லிஃப்ட் கிடையாது. கீழே கால் மணி நேரம், மறுபடி மேலே.

"இன்னா மாமி, இன்னிக்கு எந்தக் கட்சில கீறீங்க?" என்கிறார் வாட்ச்மேன் பக்கிரி.

"தண்ணி வழியற கட்சி. போய் மோட்டாரை நிறுத்து."

அபிராமபுரத்தில் எங்களுடையது பதினாறு வீட்டுக் கட்டடம். இடித்துக் கட்டலாம் என்று ஒரு சங்கம், பழுது பார்த்தால் போதும் என்று இன்னொரு சங்கம். ஒருவர் குறிப்பை மற்றவர் நம்புவதில்லை. மாமியின் கையெழுத்தை இருவரும் நம்புகிறார்கள். தபால் ஆபீஸில் முப்பது வருடம் இருந்தவர். யாராவது வார்த்தையை விட்டால் பேனாவை நிறுத்தி, "இதையும் எழுதிக்கட்டுமா?" என்று கேட்பார். குரல் தானாக இறங்கிவிடும்.

பழைய நோட்டுகளெல்லாம் அவர் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில். நாய் வளர்ப்பதில் பிரிந்தோம். தண்ணீர் லாரிக்காகச் சேர்ந்தோம். லிஃப்ட் வைப்பதா வேண்டாமா என்று பிரிந்தோம், வெள்ளத்தில் சேர்ந்து ஒரே அடுப்பில் சமைத்தோம். முதல் மாடி சந்திரமௌலி, ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர், அத்தனையையும் படித்துவிட்டுச் சொன்னார்: ராஜ்ஜியங்களும் இப்படித்தான், உடையும், சேரும், சக்கரம், காத்திருந்தால் போதும்.

மாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "சேர்ந்தது மட்டுந்தான் எழுதியிருக்கு சார். ஒவ்வொரு ஆத்துக்கும் படியேறி யார் கூப்பிட்டாங்கறது எழுதலை. அதான் சக்கரம் மாதிரி தெரியறது."

யார் கூப்பிட்டது என்று நான் கேட்டேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டார்.

இந்தத் தடவை காத்திருக்க முடியவில்லை. மேல்நிலைத் தொட்டி விரிசல் விட்டு, அதன் கீழே இருக்கும் தஹ்சீனின் படுக்கையறைக் கூரை ஊறிப்போயிருந்தது. ஒரு காலையில் தட்டு அளவுப் பூச்சு பெயர்ந்து தலையணைமேல் விழுந்தது. அவள் டீ போட எழுந்து போயிருந்தாள். அன்றிலிருந்து மகளோடு ஹாலில் படுக்கிறாள். தொட்டியைக் காலி செய்து பூச பதினாறு வீடும் கையெழுத்துப் போடவேண்டும். இடிக்கப்போவதற்கு எதற்குப் பூச்சு என்றது ஒரு சங்கம். அவர்கள் போடட்டும், பிறகு போடுகிறோம் என்றது மற்றது.

அடுத்த ஞாயிறுக்கு மாமி இரு தரப்புக்கும் வீடு வீடாகத் தனித்தனியே சீட்டுக் கொடுத்தார். நேரம் பதினொன்று. இடம், தஹ்சீன் வீட்டுப் படுக்கையறை. மற்றவர்களையும் அங்கேதான் அழைத்திருப்பதை யாரிடமும் சொல்லவில்லை.

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்து முகம் திருப்பினார்கள். கூரையில் துருப்பிடித்த கம்பி தெரிந்தது. நான் உள்பட எல்லாரும் சுவரோரம் ஒட்டி நின்றோம். இரண்டு பேர் கிளம்பப் பார்த்தார்கள்.

மாமி கதவைச் சாத்தினார். யாரும் நிற்காத நடு அறைக்குப் போய், கட்டிலில் அந்தக் கம்பிக்கு நேர் கீழே உட்கார்ந்து, நோட்டை மடியில் விரித்துப் பேனா மூடியைக் கழற்றினார்.