ஜூலை மாதத்துப் பனிக்காரி

கனடாவின் பெல்ஃபோர் மில்ஸ் ஊரில் டிசம்பரில் பனி கொட்டுகிறவர் கடவுள், ஜூலையில் கொட்டுகிறவள் வெர்னா. ஊரார் இதை விளையாட்டாகச் சொல்வார்கள். வெர்னா விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. கடவுள் கொட்டுகிற பனி ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் பள்ளமுமாகத்தான் கிடக்கும். வெர்னா கொட்டினால், ஜன்னல் விளிம்பில் இரண்டு விரல் கனம் என்றால் தெருக்கோடி ஜன்னல் வரைக்கும் இரண்டு விரல் கனம்.

ஒவ்வொரு கோடையிலும் டிவிக்காரர்கள் வந்துவிடுவார்கள். நவம்பரில் காட்டப்போகும் கிறிஸ்துமஸ் காதல் படத்தை வெயிலில்தானே எடுத்தாக வேண்டும்? கதையும் வருடா வருடம் ஏறக்குறைய ஒன்றுதான். வேலை வேலை என்று அலையும் பட்டணத்துப் பெண் ஒருத்தி பண்டிகைக்கு நான்கு நாள் முன்னால் ஒரு சின்ன ஊரில் வந்து மாட்டிக்கொள்வாள். அங்கே கட்டம் போட்ட சட்டையுடன் ஒருவன் மரம் வெட்டிக்கொண்டிருப்பான். பாதிப் படத்தில் முத்தம் நெருங்கும்போது யாராவது கதவைத் தட்டுவார்கள். கடைசி நிமிடத்தில் பனி கொட்டும், முத்தமும் நடக்கும். அந்தக் கடைசி நிமிடப் பனி வெர்னாவுடையது.

வெர்னாவுக்கு வயது ஐம்பத்தேழு. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, கம்பளி ஆலையில் நூல் சுற்றப் போனவள். அம்மா படுக்கையில் விழுந்த வருடம் அது. தங்கை ரோஸ்லினுக்கு அப்போது பதினொரு வயது. அவளை வளர்த்து, நர்ஸ் படிப்பு படிக்க வைத்து, கால்கரிக்கு வேலைக்கு அனுப்பியது வரைக்கும் எல்லாம் வெர்னாதான். அதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலிருப்பதில் அவளுக்கு ஒரு பெருமை. யாரிடமும் எதையும் கேட்டதுமில்லை. கேட்டு வாங்குவது பிச்சை என்பது அவள் எண்ணம்.

ஆலை மூடிய பிறகு பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போனாள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு மதியம், கடையிலிருந்து வரும் வழியில் ஷூட்டிங்கைப் பார்த்தாள். டொரொன்டோவிலிருந்து வந்தவன் புல்தரையில் வெள்ளைப் பஞ்சுத் துணியை விரித்து அதைப் பனி என்று வைத்திருந்தான். இரண்டு துணி சேருமிடத்தில் கோடு தெரிந்தது. பார்த்துவிட்டுப் போக வெர்னாவால் முடியவில்லை. பையைக் கீழே வைத்து, மண்டியிட்டு, ஓரத்தை உள்ளே மடித்து, மேலே காகிதத் தூளைத் தூவி நீவிவிட்டாள். கோடு மறைந்துவிட்டது. மறுநாளிலிருந்து அவள்தான் பனிக்காரி.

இனி வென்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும். புல்வெட்டி, மரமறுக்கும் ரம்பம், படகு இன்ஜின் எல்லாம் பழுது பார்க்கிறவர். மனைவி இறந்து ஏழு வருடமாகிறது. குளிர்காலத்தில் பனிக்கட்டித் தரையில் கல் தள்ளிவிடும் ஆட்டத்தில் வெர்னாவின் அணிக்காரர். செவ்வாய்க்கிழமைதோறும் ஆட்டம் முடிந்ததும் தன் வண்டியில் அவளை வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் வெர்னாவின் மனதில் இது எப்போதோ முடிவான விஷயம். வாய்விட்டுச் சொல்ல வேண்டியதை அவர்தான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள்.

இந்த வருடம் அவளே வினையை விலைக்கு வாங்கினாள். படத்தில் தெருவில் நடமாட உள்ளூர்க்காரர்கள் இருபது பேர் வேண்டும் என்றார்கள். வெர்னா தன் மணிமணியான கையெழுத்தில் பட்டியல் எழுதினாள். ஐந்து நாள் கண்ணெதிரில் இருக்கட்டுமே என்று வென்டல் பெயரைச் சேர்த்தாள். விடுமுறைக்கு வந்து வீட்டில் சும்மா இருக்கும் தங்கையும் பொழுது போக்கட்டுமே என்று அதற்கு அடுத்த வரியில் ரோஸ்லின் பெயரையும் எழுதினாள். உதவி இயக்குநர் டாரா, காதில் ஒயரும் கையில் வாக்கி டாக்கியுமாக ஓடும் பெண். அவளுக்கு ஏது நேரம்? பட்டியலை மேலிருந்து இரண்டிரண்டு பேராக வெட்டி ஜோடி சேர்த்துவிட்டாள்.

"வென்டல் சார், ரோஸ்லின் மேடம், நீங்க ரெண்டு பேரும் கல்யாணமானவங்க. பேக்கரி வாசல்லேர்ந்து தபால் பெட்டி வரைக்கும் நடங்க. குளிருதுங்கறத மறந்துடாதீங்க!"

வெயில் முப்பத்து மூன்று டிகிரி. கம்பளிக் கோட்டுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், ஆளுக்கொரு ஐஸ் பொட்டலம். ரோஸ்லின் முதல் அடியிலேயே வென்டலின் கையைக் கோத்துக்கொண்டாள். வெர்னாவுக்கு வயிறு எரிந்தது. காரணம் இருக்கிறது. முதல் தடவை கை கோத்தால் அந்தக் காட்சி முழுக்கக் கை கோத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் துண்டுகளைச் சேர்க்கும்போது படம் ஒட்டாது. பதினொரு தடவை எடுத்தார்கள். பதினொரு தடவையும் தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பின்னால் நடமாடுகிறவர்கள் சத்தம் போடக்கூடாது. பேசுவதுபோல உதட்டை மட்டும் அசைக்க வேண்டும். காகிதத் தூளை வீசும் பனிக் குழாயைப் பிடித்தபடி வெர்னா அந்த உதடுகளையே பார்த்தாள். ரோஸ்லின் ஏதோ சொன்னாள், வென்டல் தலையைச் சாய்த்தார், அவர் ஏதோ சொன்னார், இவள் சிரித்தாள். கேட்டாலாவது அற்ப விஷயம் என்று விட்டுவிடலாம். கேட்காத பேச்சில் எதை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாமே. வெர்னா போட்டுப் பார்த்தாள்.

சாயங்காலம் ரோஸ்லின் தானாகவே சொன்னாள்.

"அக்கா, உன் ஆளு செம தமாஷ்! சத்தமில்லாம பேசணும்னாங்களா, மனுஷன் ஒண்ணுலேர்ந்து எண்ண ஆரம்பிச்சுட்டாரு. பதினேழுல எனக்குச் சிரிப்பு வந்துருச்சு."

"என் ஆளெல்லாம் இல்ல. எங்க அணி ஆளு."

"அப்படியா? நிஜமாவா?"

"நிஜமாத்தான். தட்டக் கழுவி வை."

வெர்னா அன்று அரைமணி நேரம் அடுப்பைத் துடைத்தாள். அடுப்பு ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் அவள் ஒரு வேலை செய்தாள். பனி போட்ட இடத்தில் இயக்குநரே கால் வைக்க மாட்டார். ஒரு காலடி பதிந்தால் திரும்பப் போட முக்கால் மணி நேரம் ஆகும். அந்த ஊரில் வெர்னாவுக்கு இருந்த ஒரே அதிகாரம் அது. நடைபாதையில் இருவர் போகும் அகலம் இருந்தது. அவள் இரண்டு பக்கத்திலிருந்தும் பனியைக் குவித்து ஒருவர் போகும் அகலமாக்கிவிட்டாள்.

டாரா ஓடி வந்தாள். "வெர்னாக்கா, ஜோடி எப்படிப் போகும்?"

"ஒருத்தர் பின்னால ஒருத்தர் போகட்டும். நேத்து ராத்திரி நல்ல பனின்னு கதையிலயே வருதே."

"புருஷன் பொண்டாட்டி ரயில் பெட்டி மாதிரி போவாங்களா? சரி விடுங்க, அந்த பெஞ்சுல உக்கார வெச்சுடறேன்."

பெஞ்சில் இருவருக்குத்தான் இடம். கோட்டோடு என்றால் அதுவும் இடித்துக்கொண்டுதான். ரோஸ்லின் காலிக் கோப்பையில் காப்பி குடிப்பதுபோல நடித்து, அதை வென்டலுக்கு நீட்டினாள். அவரும் இல்லாத காப்பியை ஊதிக் குடித்தார்! ஒரே கோப்பை!

வியாழக்கிழமை காலை பெஞ்சின் மேல் முழங்கால் உயரத்துக்குப் பனி. உட்கார்ந்தால் மூழ்கிப்போவார்கள். டாரா இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள், வெர்னாவைப் பார்த்தாள். அப்புறம் வாக்கி டாக்கியில் சொன்னாள்: "பெஞ்சு ஜோடிய குதிரை வண்டிக்கு மாத்துங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு போர்வை."

சக்கரத்தை மறைத்த பனிச்சறுக்கு வண்டி அது. அதில் ஒரே போர்வைக்குள் இருவரும் தெருவை நாலு சுற்று வந்தார்கள். அவர்களைப் பிரிக்க வெர்னா ஒவ்வொரு தடவை பனி கொட்டியபோதும், அது அவர்களை இன்னும் ஒரு சாண் நெருக்கியிருந்தது. கொள்ளிக்கட்டையால் தன் தலையைத் தானே சொறிந்துகொண்டவள் நிலைமை. நாலாவது சுற்றில் ரோஸ்லின் உதடு நிதானமாக அசைந்தது. வென்டல் தலையாட்டினார். இது எண்ணிக்கை இல்லை என்று வெர்னாவுக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டுக் கூடாரத்தில், ரோஸ்லின் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நேரா கேக்கறேன் அக்கா. நடைபாதைய அடைச்ச. பெஞ்ச அடைச்ச. அடுத்து என் தலையில கொட்டுவியா?"

"காட்சிக்குத் தேவைப்பட்டுச்சு."

"காட்சிக்கா? வெர்னாக்காவுக்கு உடம்பு சரியில்லையான்னு டாரா என்கிட்ட வந்து விசாரிக்கறா. மொத நாளே கேட்டேன்ல, நிஜமாவான்னு? நிஜமாத்தான்னு சொன்ன. சரின்னு நான் நாளைக்கு ஏரிக்கு மீன் பிடிக்கக் கூப்பிட்டேன். அவரும் வர்றேன்னுட்டாரு. இப்ப சொல்லு. உனக்கு வேணுமா, வேணாமா?"

வெர்னா உருளைக்கிழங்கை நாலாக வெட்டினாள், எட்டாக வெட்டினாள். வேண்டாம் என்று சொல்வது அவளுக்குக் கைவந்த கலை. புதுச் செருப்பு, மாடி அறை, கல்லூரி என்று எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று சொல்லித்தான் தங்கையிடம் தள்ளியிருக்கிறாள். இதற்கும் சொல்லிவிட்டால் நாளை சாயங்காலம் தலை நிமிர்ந்து நடக்கலாம். ஆனால் செவ்வாய்க்கிழமை அந்த வண்டியில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

"வேணும்," என்றாள்.

"எனக்குக் கேக்கல."

"வேணும்டீ!"

இரண்டு மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரோஸ்லின் முகம் ஒரு கணம் வாடித்தான் போனது. அவளுக்கும் வென்டலைப் பிடித்திருந்தது.

"என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? அவர்கிட்ட போய்ச் சொல்லு. நான் குறுக்க வர மாட்டேன், விட்டும் கொடுக்க மாட்டேன். விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து நாப்பது வருஷமா நீ என் வாய அடைச்சு வெச்சிருக்க. அந்த வேலைய நான் உனக்குத் திருப்பிச் செய்ய மாட்டேன்."

வென்டல் கூடாரத்துக்குப் பின்னால், மேப்பிள் நிழலில், கோட்டைக் கழற்றி ஐஸ் பொட்டலத்தைப் பிடரியில் வைத்துக்கொண்டு நின்றார். வெர்னா எதிரில் போய் நின்றாள். சுற்றி வளைக்க அவளுக்கு வராது.

"பாதைய வேணும்னேதான் அடைச்சேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஆறு வருஷமா உங்க கைவேலையப் பாக்கறேனே. நீங்க அவ்வளவு அசிங்கமா பனி போட மாட்டீங்க."

"அசிங்கமாவா?" கோபம் வந்துவிட்டது அவளுக்கு. பிறகுதான் எதற்காக வந்தோம் என்பது ஞாபகம் வந்தது. "நீங்க ரோஸ்கூட ஒரே போர்வையில போனது எனக்குப் பிடிக்கல. கொஞ்சம்கூடப் பிடிக்கல."

வென்டல் பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"செவ்வாய்க்கெழமை செவ்வாய்க்கெழமை உங்க வாசல்ல வண்டிய நிறுத்தி, உள்ள வாங்கன்னு சொல்வீங்களோன்னு பாப்பேன். நீங்க 'ரொம்ப நன்றி'ன்னுட்டுக் கதவ சாத்திடுவீங்க. நாலஞ்சு வருஷம் பாத்தா மனுஷனுக்குப் புரிஞ்சுடாதா? புரிஞ்சதா நெனச்சுட்டேன்."

"இப்ப?"

"இப்ப ஒண்ணும் புரியல. யோசிக்கணும். நாளைக்கு ஏரிக்கு வர்றேன்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன். சொன்ன வார்த்தைய மாத்த மாட்டேன்."

"மாத்தச் சொல்லல."

"ஞாயித்துக்கெழமைக்கு யார்கிட்டயும் எதுவும் சொல்லல," என்று சொல்லிவிட்டு அவர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். டாரா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை, படக்காரர்கள் போய்விட்ட தெருவில் வெர்னா பனியை அள்ளினாள். பூச்செடிகளில் ஒட்டிய காகிதத் தூளைக் கையால் பொறுக்க வேண்டும், புல்லில் கிடப்பதை உறிஞ்சி இழுக்க வேண்டும். வேலை கையில் இருந்தது, மனம் ஏரியில் இருந்தது. பத்து மணிக்குப் படகு கிளம்பியிருக்கும். பதினொன்றுக்குத் தூண்டிலில் புழுக் கோக்க வராது என்று ரோஸ்லின் நடிப்பாள். எட்டு வயதிலேயே அவளுக்கு அது தெரியும், கற்றுக்கொடுத்தது வெர்னா. ஒரு மணிக்குக் கரையில் இறங்கி உருளை வறுவல் வண்டிக்குப் போவார்கள், ஒரே பொட்டலத்தில் வாங்குவார்கள். இப்படி மணிக்கு மணி பார்த்துப் பார்த்துப் பொசுங்கினாள். முன்பும் பொறாமைதான். ஆனால் முன்பு அதற்கு வேறு பெயர் வைத்திருந்தாள். இன்று அதைச் சம்பந்தப்பட்டவரிடமே சொல்லிவிட்டதால், கூச்சமில்லாமல் பொறாமைப்பட முடிந்தது.

நாலு மணிக்கு வண்டி வந்து நின்றது. ரோஸ்லின் வெயிலில் மூக்கெல்லாம் சிவந்து இறங்கினாள். "இவர் நாள் முழுக்கப் பேசாம உக்காந்திருந்தாரு அக்கா, நிஜமாவே," என்று சொல்லிவிட்டு நிற்காமல் வீட்டுப் பக்கம் நடந்தாள். அதில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

வென்டல் வந்து, வெர்னா சுருட்டிக்கொண்டிருந்த பஞ்சுத் துணியின் மறு நுனியைப் பிடித்தார். அவர் பக்கம் கோணலாக வந்தது. அவள் திருத்தினாள்.

"மீன் கெடச்சுதா?"

"ரெண்டு."

"எங்க?"

"உங்க தங்கச்சிக்கே குடுத்துட்டேன்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

வெர்னா துணியை இன்னும் இறுக்கிச் சுருட்டினாள்.

"நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பிட வாங்க. உள்ள வாங்க," என்றாள். "மீன் மட்டும் கொண்டு வராதீங்க."