கப்பலுக்குக் காவல் நின்ற றசாக் காக்கா

கல்முனைச் சந்தையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது றசாக் காக்காவின் மகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, வாப்பா மௌத்தாகிட்டாங்க." காக்கா இறந்துவிட்டார் என்று நான் சத்தமாகவே திருப்பிச் சொல்லிவிட்டேன் போலும். ஏலம் கூறியவர் பாதியில் நிறுத்தினார்.

நிந்தவூர் றசாக் காக்கா அடக்கமான மனிதர் என்று எழுதினால், அவரை அறிந்த நீங்கள் சிரிப்பீர்கள். நடுக்கடலில் அவர் ஏசினால் கரைக்குக் கேட்கும். சிலிண்டர் கட்டிக் கடலடியில் மீன் பிடிப்பவர் அவர். காரைதீவுக்காரனான நான் அவருடைய படகை ஓட்டினேன். அண்ணன் என்ற முறையில் அவரைக் காக்கா என்பேன்.

ஒருநாள் கலவாய் மீன் தேடி இறங்கியவர் வெறுங்கையோடு ஏறி வந்தார்.

"தம்பி, கீழ ஒரு சண்டைக் கப்பல் கிடக்கு. உள்ளுக்குச் சப்பாத்து கிடக்கு, சோடி சோடியா."

"ஒண்டு எடுத்து வரல்லயா காக்கா?"

"செத்தவங்கட கபுறுக்குள்ள கைய உட்டு எடுக்கச் சொல்றியா?"

இரண்டாம் உலகப் போரில் பெரிய கப்பலொன்றுக்குக் காவலாக வந்து, ஜப்பானிய விமானங்களின் குண்டுபட்டு மூழ்கிய சிறிய கப்பல் அது என்று பின்னர் அறிந்தோம். பெரிய கப்பலைப் பற்றிப் பேசப் பலர் இருந்தார்கள். காவலுக்கு வந்து செத்தவர்களைப் பற்றிப் பேச, எங்கள் கரையில் இவர் ஒருவர்தான்.

பிறகு பழைய இரும்பு வியாபாரிகள் கிரேன் பூட்டிய படகோடு வந்தார்கள். வெடி வைத்துக் கப்பலை உடைத்து, பித்தளையை அள்ளுவது அவர்கள் எண்ணம். காக்கா எங்கள் படகைக் கப்பலுக்கு நேர்மேலே நிறுத்தி நங்கூரம் போடச் சொன்னார்.

"நான் கீழ போறன். ஏலுமெண்டா இப்ப வெடிய வைங்கடா!"

குதித்துவிட்டார். காற்றுத் தீர்ந்ததும் மேலே வந்து, சிலிண்டரை மாற்றிக்கொண்டு மறுபடி இறங்கினார். அப்படி அடுத்தடுத்து இறங்கினால் கைகால் விளங்காமல் போகலாம், உயிரும் போகலாம் என்று இருவருக்கும் தெரியும். நான் நீர்க்குமிழிகளைப் பார்த்தபடியே நிந்தவூருக்கும் காரைதீவுக்கும் கைபேசியில் மாறி மாறி அழைத்தேன்.

படகுகள் வந்தன. இரண்டு ஊரும் கடலில் நின்றது போலிருந்தது. சுற்றி வளைத்ததும் கிரேன் படகு நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு தெற்கே ஓடியது. காக்கா தலையை நீட்டிய வேளை, நிந்தவூர்ப் படகுகளில் 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் முழங்க, எங்கள் படகுகளில் அரோகரா எழுந்தது.

ஒரு கால் மரத்துப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தவரிடம், "யாரோ வெள்ளைக்காரனுக்காக இவ்வளவு தேவையா?" என்று கோபமாகக் கேட்டேன்.

"அவங்களுக்கு இஞ்ச யாரு இரிக்காங்க தம்பி? நாமதான் ஆள்."

இறந்த மாலுமி ஒருவரின் மகள், மிகவும் வயதான பெண், சில வருடங்களுக்குப் பின் எங்களைத் தேடி வந்தார். தந்தை சாகும்போது அவர் தாயின் வயிற்றில் இருந்தாராம். கப்பலுக்கு மேலே படகை நிறுத்தினோம். அவர் குனிந்து தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டார். காக்கா என்னிடம் சொன்னார்: "அவட வாப்பாவ ஒருத்தரும் தொடல்ல எண்டு சொல்லு. தொடவும் உடமாட்டன் எண்டு சொல்லு." எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

ஜனாஸா நல்லடக்கத்தில் இரண்டு ஊரும் நின்றன. "நாமதான் ஆள்" என்ற அவருடைய சொல்லை நான் வைத்துக்கொள்கிறேன். நேற்று அவருடைய மகனோடு கப்பல் கிடக்கும் இடத்துக்குப் போனேன். இறங்கிப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை, முகத்துத் தண்ணீரை வழித்தபடி வாப்பாவின் அதே குரலில் கத்தினான்: "மாமா, கப்பல் முழுசா இரிக்கி!"