கேதம் சொல்லாத சொந்தம்

ராமநாதபுரத்தில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தபோது, மிளகாய் விவசாயம் பார்க்கும் ஒரு அம்மா வருவார். துபாயிலிருந்து மகன் அனுப்பும் மெயிலை நான் வாசிக்க, மிளகாய் பறித்துச் சிவந்த விரல்களைக் கோத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார்.

ஒருநாள் வேறொரு மெயில் வந்திருந்தது. லண்டனில் செத்துப்போன உறவினரின் கோடிக்கணக்கான சொத்து அவருக்காம். முதலில் வக்கீல் செலவுக்குப் பணம் கட்ட வேண்டுமாம்.

"யோகம் அடிச்சிருச்சும்மா!" என்று நான்தான் குதித்தேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "எங்க வகையறாவுல ஒரு உசுரு போனா கேதம் சொல்ல ஆள் வரும். இதுல கொள்ளி வச்சது யாரு, கருமாதி என்னைக்கு, ஒண்ணுமில்ல. சாவுக்குக் கூப்பிடாதவன் சொத்துக்கு மட்டும் கூப்பிடுறானாக்கும்? களவாணிப்பய! அழிச்சு விடு தம்பி."

அழித்தேன். அதே மாதிரி மெயில் எனக்கும் வந்திருந்ததை அவரிடம் சொல்லவில்லை. செத்தது யாரென்றுகூடக் கேட்காமல், முந்தின நாள்தான் நான் பணம் கட்டியிருந்தேன்.