மாடித் தரையில் ஓர் ஓட்டை

“...அடைக்கிறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அண்ணே?”

மாடியில் குடியிருக்கும் சபீனா காலையில் என் வாசலில் நின்று இப்படிக் கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓட்டையை அடைத்ததற்கா இவ்வளவு கோபம்?

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். கடலோரத்து எங்கள் மண்டபம் ஊரில், மார்கழி மாதத்தில் காற்றுள்ளபோதே போர்த்திக்கொள் என்றுதான் சொல்ல வேண்டும். மாடித் தரையில் பழைய பைப்பைப் பிடுங்கிய ஓட்டை வழியாக வாடைக்காற்று நேராக என் கட்டிலில் இறங்கும். எனக்கோ இளைப்பு, தனி ஆள். “நேத்து ரொம்ப இருமுனீங்களே” என்று சபீனா அடிக்கடி கேட்பார். தூக்கம் கெடுவதைத்தான் நாசூக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இரண்டு வீட்டுக்கும் நல்லதென்று முந்தைய நாள் என் வீட்டுக்குள் கீழிருந்தே தெர்மாகோலைத் திணித்து, சிமெண்டு பூசிவிட்டேன். குளிரில்லாமல் எட்டு மணி வரை அயர்ந்து தூங்கினேன்.

“கதவ எவ்வளவு நேரம் தட்டுனேன் தெரியுமா? விடிஞ்சதும் உங்க இருமலக் கேட்டுட்டுத்தான் நான் அடுப்புப் பத்த வைப்பேன். இன்னைக்குச் சத்தமே இல்ல. நான் என்னன்னு நினைக்கிறது?”

மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா? நான் அடைத்தது குளிரை மட்டும்தானா? இன்றுவரை எனக்குக் குழப்பம்தான்.

“ஓட்டை அடைச்சபடியே இருக்கட்டும்” என்றவர், ஆணியில் தொங்கிய என் மாற்றுச்சாவியைக் கேட்காமலே எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு மாடியேறினார்.